பஸ் முதலாளி வாங்கிய பதினோரு பேர்

கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு என் கணவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "ஒரு சின்ன வேல" என்றார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தபோது சட்டை செம்மண் நிறத்தில் இருந்தது. தொண்டை கட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை.

"எத்தன கோலு?" என்று கேட்டேன்.

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல நின்றுவிட்டார். "ஒனக்கு எப்டித் தெரியும்?"

எப்படித் தெரியாமல் போகும்? ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் கிராமத்தில், மாதா கோயில் சாமியார் ஒரு பந்தைக் கொண்டுவந்து கொடுத்த நாளிலிருந்து என் நாலு அண்ணன்களும் பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்ததில்லை. கோயிலுக்குப் பின்னால் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே என்னை நிறுத்திப் பந்தை உதைப்பார்கள். பன்னிரண்டு வயதுவரை நான்தான் கோலி. பிறகு தாவணி போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஊர்க் கால்பந்து டீமுக்குச் செயலாளரும் அவர்தான். சுளுக்குக்குக் கட்டுப் போடுவது, பந்துக்குக் காற்றடிப்பது, மாதா மாதம் கடை கடையாகப் போய் நாலணா சந்தா கேட்பது எல்லாம் அவர் தலையில். டீமுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. நாலணா கொடுத்தவன் எல்லாம் முதலாளி. அதனால் சந்தைத் திடலில் ஆட்டம் நடக்கும்போது, பந்தை யாரிடம் தட்டவேண்டும் என்று இருநூறு முதலாளிகள் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

நான் அதைப் பார்க்கப் போகமுடியாது. பெண்கள் யாரும் போவதில்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் மாடி வராந்தாவிலிருந்து திடலில் பாதி தெரியும். ஞாயிற்றுக்கிழமை பரீட்சை நோட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். "லீவு நாள்லகூட நோட்டுத் திருத்துற டீச்சர் இந்த ஜில்லாவுலயே இல்ல" என்று தலைமையாசிரியை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து கோல் மட்டும்தான் எனக்குத் தெரியும். இடப்பக்கம் கோல் விழுந்ததா என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

எங்கள் டீமில் ஊரே கண் வைத்திருந்த ஆள் ஒருவன் இருந்தான். முன்னால் நின்று ஆடுகிறவன். தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்துக்காரன். யானைகள் கேழ்வரகுக் கொல்லையை இரண்டு வருஷம் அடுத்தடுத்து மிதித்துவிட்டுப் போனதால், எங்கள் ஊர் மாங்காய் மண்டிக்குக் கூடை தூக்க வந்தவன். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவான். வெறுங்காலில் ஓடினால் கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. கால் வீங்கினால் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "அக்கா, அண்ணா இருக்காரா?" என்பான். அவருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சட்டி களியைத் தின்று முடித்துவிடுவான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த டீமின்மேல்தான் பஸ் முதலாளியின் பார்வை விழுந்தது.

அவர் நல்ல பருமன், எப்போதும் வாய் நிறைய வெற்றிலை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கிருஷ்ணகிரியிலிருந்து நாலு பக்கமும் அவருடைய பஸ்கள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரை பஸ் திடலுக்குப் பக்கத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. டயர் மாட்டி முடிகிறவரை அவர் அங்கே நின்றிருந்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒருவர் மட்டும் கூட்டத்தைப் பார்த்தார்.

மறுவாரம் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன்.

"கம்பவுண்டர் சார், எங்கூட்டு மாட்டுக்குக்கூட லாடம் அடிச்சிருக்கேன். ஒங்க பசங்க வெறுங்கால்ல ஓடறானுங்க. நான் பூட்ஸ் வாங்கித் தர்றேன், பனியன் தர்றேன், வெளியூரு போனா பஸ்ஸு தர்றேன். டீம எங்கிட்ட உட்டுருங்க."

"உட்டுர்றதுன்னா?" என்றார் என் கணவர்.

"நீங்க ஆட்டத்தப் பாத்துக்குங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் ஆட்கள் ஓசூர் போய்த் திரும்பும்போது புளி மூட்டை லாரியின்மேல் உட்கார்ந்து மழையில் நனைந்து, ஏழு பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். செருப்புத் தைப்பவர் பந்தைப் பார்த்து, இனிமேல் ஊசி குத்த இடமில்லை என்று சொல்லியிருந்தார். டீம் கமிட்டி கூடி ஒரே மனதாகச் சரி என்றது.

பூட்ஸ் வந்த நாளை மறக்கமுடியாது. சென்னையிலிருந்து பெட்டியில் வந்தது. முதல் நாள் போட்டுக்கொண்டு ஓடியபோது பதினோரு பேரும் மாறி மாறி விழுந்தார்கள். நம்முடைய தேன்கனிக்கோட்டைக்காரன் நாலடி நடந்து நின்று, "அக்காவ், கால எங்க வெச்சேன்னே தெரியல" என்று மாடி வராந்தாவைப் பார்த்துக் கத்தினான். நான் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பந்து முன்னைவிட இரண்டு மடங்கு தூரம் போனது. பனியன் சிவப்பில் மஞ்சள் கோடு, அவருடைய பஸ்ஸின் நிறம். முதுகில் அவருடைய சர்வீஸின் பெயர். ஊர் பெயர் காணாமல் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகத்தானே ஆடுகிறார்கள் என்று இருந்தோம்.

மழைக்காலம் முடிந்ததும் வேலி வந்தது. முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திடலைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிலும் மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டிவிட்டார். உள்ளே போக இரண்டணா டிக்கெட். டெண்டுக் கொட்டாய் மாதிரி ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கையை நீட்டி வாங்கவேண்டும்.

கூடவே இன்னொன்றும் செய்தார். கிழக்குப் பக்கம் தனியாகத் தடுத்து, மேலே நிழலுக்குக் கீற்றுப் போட்டு, நாலு பெஞ்சு போட்டு, 'பெண்கள்' என்று பலகை மாட்டினார். பெண்களுக்கு அரை டிக்கெட்.

என் கணவர் வீட்டுக்கு வந்து குதியாய்க் குதித்தார். "நாலணா குடுத்து வளத்த டீமு. இப்ப நான் ரெண்டணா குடுத்து ஓட்டையில கைய நீட்டணுமாம். செயலாளருக்கு மட்டும் பாஸ் தர்றாராம். எனக்கு வேணாம் அந்தப் பாஸு."

"அநியாயந்தாங்க" என்றேன். மனசுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. "என்னாங்க, பொம்பளைங்களுக்கு பெஞ்சு போட்டிருக்காராமே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் இருவரையும், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரையும், ஜவுளிக்கடை பாய் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருஷமாகச் சத்தத்தை வைத்தே ஊகித்த அந்த இடப்பக்கத்து கோல் கம்பத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அதே நேரத்தில் என் கணவரும், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரும், இன்னும் நூறு பேரும் கோட்டை மலைச் சரிவில் பாறைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து திடல் உள்ளங்கைபோலத் தெரியும், காசும் வேண்டாம். என்ன, ஆட்கள் எறும்பளவு இருப்பார்கள். அன்று ராத்திரி இரண்டாவது கோலைத் தேன்கனிக்கோட்டைக்காரன் இடது காலால் அடித்தானா வலது காலாலா என்று எங்களுக்குள் சண்டை. "நான் இருவது அடியில இருந்து பாத்தேங்க" என்றேன். அதற்குமேல் அவருக்குச் சாதம் இறங்கவில்லை.

இந்த வேலியோடு நின்றிருந்தால் பழகிப்போயிருக்கும். முதலாளிக்கோ தினம் ஒரு யோசனை. ஐந்து மணி ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்காது. மத்தூர் பஸ் வந்து ஆட்கள் இறங்கினால்தான் விசில். ஆட்டம் சூடாக இருக்கும்போது நிறுத்தி சோடா விற்கச் சொன்னார். ரெஃப்ரி முறைத்ததால் அது மட்டும் நடக்கவில்லை. பிறகு கோலியை மாற்றினார். பத்து வருஷமாக எங்கள் கோலி, தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் சேவகர். காக்கிச் சட்டையில் சைக்கிளில் வந்தால் ஊரே நடுங்கும், கோலில் நின்றால் ஊரே தைரியமாக இருக்கும். அவரை உட்காரவைத்துவிட்டு முதலாளி தன் மைத்துனனை நிறுத்தினார். மைத்துனன் நல்ல பையன்தான். அவனுடைய சொந்தக்காரர்கள் மத்தூர்ப் பக்கம் ஏகப்பட்ட பேர், எல்லோரும் டிக்கெட் வாங்கி வருவார்கள் என்பதுதான் கணக்கு. வரவும் செய்தார்கள். பந்தும் வந்தது. பந்தைத்தான் அவன் பிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு செய்தி டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. டீமையே ஓசூருக்குக் கொண்டுபோகப் போகிறாராம். பெங்களூர் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வருவார்கள், வசூல் கொட்டும் என்றாராம். தேன்கனிக்கோட்டைக்காரனைப் பெங்களூரில் ஒரு மில் டீமுக்கு விலை பேசுகிறார் என்றும் சொன்னார்கள்.

ஊர் கொதித்தது. டீக்கடையில் கூட்டம் போட்டார்கள். டீக்கடைக்காரர்தான் தலைமை. ஓசூரில் நடக்கப்போகும் முதல் ஆட்டத்துக்கு ஊரிலிருந்து ஒருத்தன் போகக்கூடாது, போனவன் மூஞ்சியில் முழிக்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணினார்கள். வாதாபி மன்னனை ஜெயிக்கக் கிளம்பினவர்மாதிரி என் கணவர் வீட்டுக்கு வந்தார். "நீயும் போவாத" என்றார்.

பெண்கள் பெஞ்சில் அதற்குள் நாங்கள் பதினோரு பேர் ஆகியிருந்தோம். அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் இடைவேளையில் முதலாளியே எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தார். சோடா சௌகரியமாகக் கிடைக்கிறதா என்று விசாரிக்க வருவது அவர் வழக்கம். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு வார்த்த கேக்கலாங்களா? நீங்க எப்பவாச்சும் ஆட்டத்தப் பாத்திருக்கீங்களா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "உண்மையச் சொல்றேன் டீச்சரம்மா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. முன்ன நம்ம பையன் நல்லாத்தான் கோலு போட்டான். அந்த ரெஃப்ரி விசில் ஊதி வேணாண்ட்டான். அவனுக்கு நம்மமேல என்னா கோவம்?"

"அது ஆஃப்சைடுங்க. பஸ்ஸு இன்னும் ஸ்டாண்டுக்கே வரல, ஒருத்தன் மட்டும் ரோட்டுலயே முன்னால ஓடிப்போயி நின்னுகிட்டு, வண்டி வந்ததும் ஜன்னல் சீட்டுல துண்டு போட்டுட்டான்னா?"

"எறக்கி உட்ருவேன்."

"ரெஃப்ரியும் அதத்தான் பண்ணாரு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெஞ்சிலிருந்த மற்ற பத்துப் பெண்களும் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் ஓசூர் விஷயத்தையும் கேட்டுவிட்டேன்.

"அம்மா, ஆளு ஏறாத ரூட்டுல நான் வண்டி ஓட்ட முடியுமா? பாதி ஊரு பாறமேல ஒக்காந்து ஓசியில பாக்குது. ஓசூரு திடலுக்குப் பக்கத்துல பாற இல்ல."

"வண்டிய மாத்தலாங்க. ஏறி எறங்கற சனத்தையும் சேத்து மாத்த முடியுங்களா?"

அவர் யோசித்ததுபோலத் தெரிந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான். "நீங்க பதினோரு பேரும் ஓசூருக்கு வாங்க. எங்க பஸ்ஸுல முன் சீட்டு. டிக்கெட்டு வேணாம்."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஓசூரைப் பார்த்ததே இல்லை.

அன்று ராத்திரி என் கணவரிடம், ஓசூரில் என் பெரியம்மா மகளைப் பார்க்கவேண்டும் என்றேன். ஓசூரில் எனக்கு அப்படி யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "போயிட்டு வா. எனக்கு ஞாயித்துக்கெழம டூட்டி இருக்குது" என்றார். இத்தனை சுலபமாக விட்டுவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

டீமும் நாங்களும் ஒரே பஸ்ஸில் போனோம். சூளகிரியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். ஆட்டக்காரர்கள் கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்தவர்கள்போல ஒரு ஓரமாக நின்றிருந்தார்கள். "ஊருக்காரங்க யாரும் வரமாட்டாங்களாக்கா?" என்று தேன்கனிக்கோட்டைக்காரன் கேட்டான். நாங்கள் வந்திருக்கிறோமே என்றேன். "ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டான். அவன் சொன்னதில் உயிரே இல்லை.

ஓசூரில் கூட்டம் நிறைய வந்திருந்தது. முதலாளி கணக்குப்போட்டது தப்பவில்லை. எல்லை தாண்டியும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஓசூர் டீமுக்காகக் கத்தினார்கள். தேன்கனிக்கோட்டைக்காரனின் மாமன் மச்சான்கள்கூட அவனை ஒரு கண்ணாலும், ஓசூர் டீமிலிருந்த தங்கள் ஆளை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி போட்டுக்கொடுத்த பெஞ்சிலிருந்து கிளம்பிய எங்கள் பதினோரு குரல் சந்தை இரைச்சலில் கொசு சத்தம்போல ஆகிவிட்டது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முதல் கோல் எங்கள்மேல் விழுந்தது. இடைவேளைக்குள் நாலு. மைத்துனன் நாலாவது பந்தைத் தாண்டிக் குதித்து வேலியில் போய் மாட்டிக்கொண்டான்.

அப்போதுதான் நான் அந்தக் குடையைப் பார்த்தேன். மழையில்லை, வெயிலுமில்லை, குளிர்ந்த மேகமூட்டம். வடக்கு மூலையில் ஒருவர் கறுப்புக் குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். குடைக்குக் கீழே தெரிந்த லுங்கியில் டீக்கறை. எங்கள் டீக்கடைக்காரர்! நான் பாய் வீட்டம்மாவின் கையைக் கிள்ளினேன். அவர் வேறு பக்கம் கையைக் காட்டினார். அங்கே மாட்டுவண்டிக்குப் பின்னால் அவருடைய வீட்டுக்காரர் சக்கரத்து ஆரங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கம் திரும்பினால் கடலைக்காரனுக்குப் பின்னால் தலையில் முண்டாசு கட்டி, முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவர். எத்தனை மூடினாலும் அந்த மூக்கு எனக்குத் தெரியாதா? ஒருவருக்கொருவர் தெரியாமல், லாரியிலும் வேறு பஸ்ஸிலுமாக, சத்தியம் பண்ணினவர்களில் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் துரோகி என்று நினைத்துக்கொண்டு மூலைக்கொருவராக ஒளிந்திருந்தார்கள்.

இடைவேளை முடிகிற நேரம். மைத்துனன் நேராக முதலாளியிடம் போனான். எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னான். "மாமா, என்னால ஆவாது. ஊரு முன்னால மானம் போவுது. என்னைய பஸ்ஸுல கண்டக்டராப் போட்டுருங்க."

முதலாளி திகைத்து நின்றார். கோலி இல்லாமல் எப்படி ஆடுவது? அந்த நேரத்தில் கூட்டத்திலிருந்து காக்கிச் சட்டை ஒன்று மெல்ல முன்னால் வந்தது. தந்திச் சேவகர்! அவரும் ஒளிந்திருந்து பார்த்தவர்தான். ஓசூர் கேப்டன் பெரிய மனசுக்காரர். "ஆடட்டும், பரவால்ல" என்றுவிட்டார். காக்கிச் சட்டையோடேயே அவர் போய் கம்பத்துக்கு நடுவில் நின்றார்.

அதைப் பார்த்ததும் குடைக்காரர் தாங்கமுடியாமல், "ஏய்ய்! கிருஷ்ணகிரீ!" என்று ஒரு கத்துக் கத்தினார். கூடவே குடையை எறிந்துவிட்டார். மாட்டுவண்டிக்குப் பின்னாலிருந்து பாய் கத்தினார். கடலைக்காரனுக்குப் பின்னாலிருந்து கட்டிப்போன ஒரு தொண்டை கத்தியது. மூலை மூலையாகக் குரல்கள் கிளம்பின. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் வெட்கம். பிறகு சிரிப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எல்லோரும் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே ஓடிவந்து சேர்ந்தார்கள்.

"பெரியம்மா பொண்ணு சௌக்கியமா?" என்றார் என் கணவர்.

"டூட்டி முடிஞ்சிதுங்களா?" என்றேன்.

பேச நேரமில்லை. திடலில் எங்கள் ஆட்கள் தலையைத் தூக்கிவிட்டார்கள். தேன்கனிக்கோட்டைக்காரன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். முதல் கோல். பத்து நிமிஷத்தில் இரண்டாவது. காக்கிச் சட்டை பின்னால் மூன்று பந்தைத் தடுத்தது. தேன்கனிக்கோட்டைக்காரனுடைய மாமன் மச்சான்கள் இரண்டு கண்ணையும் எங்கள் பக்கம் திருப்பினார்கள். மூன்றாவது கோல் விழுந்தபோது பின்னாலிருந்து ஒரு இடிச்சத்தம் கேட்டுத் திரும்பினேன். பஸ் முதலாளி பெஞ்சின்மேல் ஏறி நின்று தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். வெற்றிலைச் சாறு ஜிப்பா முழுக்க. பெஞ்சு முறிந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

கடைசி உதையில் பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. விசில். நாலுக்கு மூன்று. தோற்றுவிட்டோம்.

முதலாளி கீழே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் என் கணவர் பயந்துபோய் நாடியைப் பார்த்தார். நாடி நன்றாகத்தான் இருந்தது.

"டீச்சரம்மா," என்றார். குரல் காற்றாக வந்தது. "இன்னிக்கு நல்ல வசூலு. ஆனா வயிறு எரியுதும்மா. அந்தக் கம்பத்துல பட்டது நாலு விரக்கட உள்ள வந்திருந்தா? இத எப்டித் தாங்கறீங்க?"

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் இப்டித்தாங்க இருக்கும்."

திரும்பி வரும்போது எல்லோரும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். உள்ளே இடம் போதாமல் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் கூரையில். பஸ்ஸிலேயே பஞ்சாயத்து நடந்தது. டீக்கடைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசினார். யார் ஆடவேண்டும், எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்பதைக் கமிட்டிதான் சொல்லும். பனியனில் ஊர்ப் பெயர் முன்னால், சர்வீஸ் பெயர் பின்னால். வெளியூர் டீம் வருகிற பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் வேலியும் டிக்கெட்டும். முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்குக் குரல் இல்லாததும் ஒரு காரணம். ஒன்றே ஒன்றை மட்டும் சைகையில் கேட்டார். கமிட்டியில் தனக்கும் ஒரு இடம்.

"நாலணா சந்தா குடுக்கணும்" என்றார் என் கணவர்.

அடுத்த வாரமே வேலியைப் பிரித்தார்கள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் தற்செயலாக மாடியிலிருந்து பார்த்தேன். தட்டியோடு தட்டியாகப் பெண்கள் பகுதியின் கீற்றையும் பிரித்து, பெஞ்சுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை என் கணவர்! படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன்.

"என்னாங்க, பெஞ்ச எங்க தூக்கறீங்க?"

"பழையபடி ஆக்கணும்னு கமிட்டியில முடிவாச்சு" என்றார். அவருக்கு அது தப்பாகவே படவில்லை.

"பழையபடின்னா நான் மாடிக்கில்ல போவணும்?"

அவர் கையில் பிடித்திருந்த பெஞ்சின் முனையை மெதுவாகக் கீழே வைத்தார். ஆட்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலாளி காசுக்காகத்தான் அந்தப் பெஞ்சைப் போட்டார். ஆனால் ஊருக்கே சொந்தமான டீம் அத்தனை வருஷத்தில் அதை யோசிக்கவே இல்லை. அங்கேயே, ஆட்கள் முன்னால், அதைச் சொன்னேன். என் கணவர் காது சிவந்துபோனது. பெஞ்சுகள் இறங்கின. சாயங்காலம் கமிட்டி நோட்டில் என் பெயரை என் கையாலேயே எழுதி, நாலணாவை மேசைமேல் வைத்தேன். எனக்குக் கீழே மற்ற பத்துப் பேரும் எழுதினார்கள்.

பெங்களூர் மில் விஷயம் மட்டும் உண்மைதான். ஆனால் அது முதலாளி பேசிய விலை இல்லை. மில்காரர்கள் நேரே தேன்கனிக்கோட்டைக்காரனிடமே நிரந்தர வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் என்னிடம்தான் முதலில் சொன்னான்.

"போவட்டுமா, பேடவாக்கா, வேணாமா?"

"மாங்காக் கூட எத்தன வருசம் தூக்குவ? போ."

"நம்ம டீமு?"

"அத நாங்க பாத்துக்கறோம். நீ அங்க ஆஃப்சைடுல நிக்காத."

அவனை வழியனுப்ப ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது. முதலாளி தன் பஸ்ஸின் முன் சீட்டில் அவனை உட்காரவைத்து மாலை போட்டார். புதுக் கண்டக்டரான மைத்துனன் டிக்கெட் வாங்க மறுத்துவிட்டான். பஸ் புறப்பட்டதும் கமிட்டிக்காரர்கள் அங்கேயே நின்று, அவன் இடத்தில் யாரைப் போடுவது என்று சண்டைபோட ஆரம்பித்தார்கள். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் பஸ் முதலாளி. அவர் சொன்ன ஆள் சரியில்லை, கால் மெதுவு. நான் அதை அவரிடமே சொன்னேன். "டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் என்னிடம் பதிலுக்குக் கத்தினார். என் கணவர் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல், நடுவில் பந்துபோல நின்றிருந்தார்.